குண்டின் எடை என்னும் தவறான கேள்வி

பெங்களூருவில் துப்பாக்கிச் சுடுதலை விளையாட்டாகப் பயிலும் மாணவர், காற்றுத் துப்பாக்கியிலிருந்து .22 ரைபிளுக்கு மாறியதும் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, எத்தனை கிரெயின் குண்டு துல்லியமாகப் போகும் என்பது. விடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் 40 என்பார். இன்னொருவர் எண்ணை விட்டுவிட்டு ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். மூன்றாமவர் மின்னணுத் தராசு ஒன்றை வாங்கி ஒவ்வொரு தோட்டாவையும் நிறுத்துப் பிரித்து வைக்கச் சொல்வார். மூன்றும் அக்கறையோடு சொல்லப்படுபவையே. எனினும் கேள்வி பிழையாக அமைந்துவிட்டதால், விடைகளைப் பின்பற்றும் மாணவரின் பணமும் உரிமத்தில் அவருக்கு அனுமதிக்கப்பட்ட தோட்டாக் கணக்கும் பயனின்றிக் கரைகின்றன.

குண்டு என்பது குழலைவிட்டுப் பறந்து செல்லும் ஈயத்துண்டு மட்டுமே. தோட்டா என்பது குண்டு, வெடிமருந்து, பித்தளைக் கூடு, தீப்பற்றவைக்கும் கலவை ஆகிய நான்கும் சேர்ந்தது. பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பின்வரும் வாதத்துக்கு இந்த வேறுபாடு தேவை.

ரைபிள் குழலின் உட்புறத்தில் சுருள் வடிவில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றில் பதிந்து வெளியேறும் குண்டு தன் அச்சைச் சுற்றிச் சுழன்றுகொண்டே பறக்கிறது. சுழற்சி இல்லாவிட்டால், நீண்ட குண்டைக் காற்று தலைகீழாகப் புரட்டிவிடும். சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்பதைப்போல, சுழலும் குண்டு தன் திசையை விடாமல் காக்கிறது. இந்த இயலை அறிவியலாக எழுதத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் பீரங்கியியலின் புதிய கோட்பாடுகளைப் பற்றி நூல் வெளியிட்டு, குண்டின் வேகத்தை ஊசல் ஒன்றைக் கொண்டு அளந்து காட்டினார். மூன்றாண்டுகளில் ஆய்லர் அந்நூலைத் தம் விரிவான குறிப்புகளோடு ஜெர்மனில் மொழிபெயர்த்தார். வழவழப்பான குழலிலிருந்து புறப்படும் உருண்டைக் குண்டு வழிதவறுவதற்கு, அது தற்செயலாகப் பெறும் சுழற்சியே காரணம் என்றும், சுருள்பள்ளம் அச்சுழற்சியைப் பயணத் திசையோடு பொருத்திவிடுகிறது என்றும் ராபின்ஸ் விளக்கினார். முட்டை வடிவக் குண்டுகளையும் அவர் பரிந்துரைத்தார். அவருடைய வாழ்வு முடிந்தது இலண்டனில் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்கு வந்தவர், 1751ஆம் ஆண்டு ஜூலையில் காய்ச்சலால் அங்கேயே இறந்தார். தமிழகத்தின் அறிவியல் வரலாற்றுப் பாடங்களில் இப்பெயர் இடம்பெறுவது அரிது.

ராபின்சுக்கு நூறாண்டுகளுக்கு மேல் கழித்து, 1879இல், வூல்விச்சில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தார். குண்டின் விட்டத்தை இருமடியாக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எவ்வளவு தூரத்துக்கு ஒரு முழுச் சுற்று வேண்டும் என்பது கிடைத்துவிடும். .22 ரைபிளின் குண்டு ஏறத்தாழ 5.7 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. நீளமும் கொண்டது. கணக்கிட்டால் 406 மி.மீ., அதாவது 16 அங்குலம். உலகெங்கும் .22 ரைபிள் குழல்கள் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றே பெரும்பாலும் வெட்டப்படுகின்றன.

இந்த வாய்பாட்டில் எடைக்கு இடமே இல்லை. விட்டமும் நீளமும்தான் இருக்கின்றன. விட்டம் மாறாமல், பொருளும் ஈயமாகவே இருக்கும்போது எடை கூடினால் நீளம் கூடும். அதனால் எடை நீளத்தின் பதிலியாக வழக்கில் நுழைந்துவிட்டது. பொருள் மாறியதும் பதிலி பொய்க்கும். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 8.96. ஒரே எடையும் வடிவும் உள்ள செம்புக் குண்டு, ஈயக் குண்டைவிடக் கால் பங்கு நீளமாக இருக்கும். அதற்கு இன்னும் விரைவான சுழற்சி வேண்டும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட கிரெயின் எண் இதைச் சொல்லாது.

.22 இனத்திலேயே 60 கிரெயின் குண்டுள்ள தோட்டா ஒன்று விற்பனையில் உண்டு. வழக்கமான 40 கிரெயினைவிட ஒன்றரை மடங்கு எடை. எடை மிகுந்தது காற்றை நன்கு எதிர்க்கும் என்று நம்பி அதை வழக்கமான குழலில் சுட்டால், குண்டு பலநேரம் தள்ளாடிச் சென்று, அட்டையில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் போன்ற நீள்துளையை இடுகிறது. 5.56 மி.மீ. இராணுவ ரைபிள்களிலும் இதே கதைதான். 55 கிரெயின் குண்டுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதுமானதாக இருந்தது. பின்னர் 62 கிரெயின் குண்டுக்கு மாறியபோது அமெரிக்கப் படை 7 அங்குலத்துக்கு ஒரு சுற்றைத் தேர்ந்ததற்கு, அதனோடு சேர்த்துப் பயன்படுத்திய ஒளிக்கோட்டுக் குண்டின் நீளமே காரணம். மறுபுறம், தேவைக்கு மிஞ்சிய சுழற்சியும் நன்மையன்று. குண்டின் எடைமையம் அச்சிலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும், மிகைச் சுழற்சி அவ்விலகலைப் பெருக்கிப் பக்கவாட்டில் வீசிவிடும்.

பெங்களூரு வீரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்குள்ள காற்று சென்னைக் காற்றைவிடச் சுமார் 10 விழுக்காடு மெலிந்தது. குளிர்காலக் காலை ஒன்றில் டில்லி துக்ளகாபாத்தின் கர்ணி சிங் சுடுதளத்தில் காற்று, பெங்களூருப் பகற்காற்றைவிட 15 விழுக்காடு அடர்ந்திருக்கக்கூடும். சுழற்சியால் கிடைக்கும் நிலைப்பு, காற்றின் அடர்த்திக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. இங்கே நூலிழையில் நிலைத்துப் பறந்த குண்டு அங்கே தள்ளாடலாம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏஆர்-15 ரைபிளுக்கு நேர்ந்தது இதுவே: 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுடைய குழல், கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் தடுமாறியது, 1963இல் அது 12 அங்குலமாக மாற்றப்பட்டது. நல்வாய்ப்பாக, 16 அங்குலக் குழலும் 40 கிரெயின் குண்டும் கொண்ட போட்டி ரைபிளில் நிலைப்புக்குப் போதிய இடைவெளி உண்டு. எனவே பெங்களூரு மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. விதிவிலக்கான எடைகளைத் தேடிப் போனால்தான் அச்சம்.

ஆக, 50 மீட்டர் போட்டியைப் பொறுத்தவரை எடைத் தேர்வு என்பது நடைமுறையில் முடிந்துபோன ஒன்று. எல்லாரும் 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் ஈயக் குண்டையே, ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, நொடிக்கு 325 மீட்டர் அளவில் சுடுகிறார்கள். ஒலிவேகத்தைத் தாண்டினால் காற்றுத்தடை திடீரென உயர்ந்து, விரைவான குண்டே பக்கக்காற்றில் கூடுதலாக ஒதுங்கும் என்பதால் இந்த அடக்கம். இலக்கின் பத்தாம் வளையம் 10.4 மி.மீ. விட்டமுடையது, துப்பாக்கியின் துளை 5.6 மி.மீ. இந்த இடுக்கில் வெற்றியைத் தீர்மானிப்பது எடையின் அளவு அன்று, தோட்டாவுக்குத் தோட்டா மாறாத ஒழுங்கு.

ஒழுங்கு என்று சொன்னவுடன் மின்னணுத் தராசு மீண்டும் மேசைக்கு வந்துவிடுகிறது. தராசுக்காரரின் வாதத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு குண்டு 0.1 கிரெயின் கூடியிருந்தால், அது 40இல் கால் விழுக்காடு. வெடிமருந்து தரும் ஆற்றல் மாறாதெனக் கொண்டால் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர் குறையும். 50 மீட்டரில் குண்டு தாழ்ந்து விழும் தொலைவில் இதனால் வரும் மாற்றம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வெடிமருந்தும் பற்றவைப்பும் சீராக இல்லாமல் வேகமே 5 மீட்டர் மாறினால், விழும் இடம் ஏறத்தாழ 4 மி.மீ. மாறும். இரண்டாவதுதான் பத்தை ஒன்பதாக்குவது. தராசில் வைக்கப்படுவதோ குண்டு அன்று, முழுத் தோட்டா. எடை வேறுபாடு ஈயத்தில் இருக்கிறதா, கூட்டின் பித்தளையில் இருக்கிறதா, ஒரு கிரெயினை ஒட்டிய வெடிமருந்தில் இருக்கிறதா என்பதைத் தராசு அறியாது. பித்தளை கனத்த தோட்டாவையும் மருந்து மிகுந்த தோட்டாவையும் அது ஒரே குவியலில் சேர்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளை நிறுவையில் கழிக்கும் உழைப்பு மதிக்கத்தக்கதே. அதே நேரத்தை வெறுந்துப்பாக்கியோடு குறிபார்க்கும் பயிற்சியில் செலவிட்டால் புள்ளிகள் கூடும்.

எஞ்சியிருப்பது லாட் எனப்படும் உற்பத்தித் தொகுதி. ஒரே நிறுவனம், ஒரே பெட்டி, ஒரே எடை. ஆனால் லாட் எண் மாறினால் சில குழல்களில் குழுவின் அளவும் மாறுகிறது. ஒரு குழலுக்குப் பிடித்த லாட் அடுத்த குழலுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆகவே உரிய கேள்வி இப்படி அமைய வேண்டும்: இந்தக் குழலுக்கு எந்த லாட் பொருந்துகிறது, அது பொருந்துகிறது என்பது எப்படித் தெரியும்? கேள்வியின் பின்பாதியில்தான் ஆய்வு மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. பயிற்சிக்கூடங்களில் நிகழும் பெரும்பிழையும் அங்கேதான்.

வழக்கமான சோதனை இது. ஒவ்வொரு லாட்டிலும் ஐந்து தோட்டாக்களைச் சுட்டு, மிக விலகிய இரு துளைகளுக்கு இடையிலுள்ள தொலைவை வெர்னியரால் அளப்பார்கள். குறைந்த எண் பெற்ற லாட்டை வாங்குவார்கள். ஐந்து துளைகள் தரும் இந்த அளவு எவ்வளவு ஆடக்கூடியது என்பதைப் புள்ளியியல் முன்கூட்டியே சொல்லிவிடும். ஒரு லாட்டின் உண்மையான சராசரிக் குழு 15 மி.மீ. என்று கொள்வோம். அதே லாட்டிலிருந்து, அதே குழலில், மீண்டும் மீண்டும் ஐந்தைந்தாகச் சுட்டால் திட்ட விலக்கம் 4 மி.மீ. அளவுக்கு வரும். மூன்றில் இரண்டு பங்குக் குழுக்கள் 11க்கும் 19க்கும் இடையில் விழும். எஞ்சியவை அதற்கும் வெளியே. இப்போது, எந்த வேறுபாடும் இல்லாத பத்து லாட்களை வைத்து இச்சோதனையை நடத்தினால் என்னாகும்? பத்தில் சிறந்தது 9 அல்லது 10 மி.மீ. காட்டும். மோசமானது 22 மி.மீ. அளவுக்குப் போகும். மாணவர் முதலாவதைக் கொண்டாடி, கையிருப்புப் பணம் முழுவதையும் அதில் போடுவார்; கடைசியை ஒதுக்குவார். உண்மையில் இரண்டும் ஒன்றே. அடுத்த மாதம் அந்த அருமையான லாட் 15 மி.மீ. காட்டும்போது, குழல் தேய்ந்துவிட்டதோ, மனம் கலங்கிவிட்டதோ என்று ஐயம் எழும். துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் செலவும் சில வேளை இதைத் தொடர்ந்து வரும்.

ஆய்விதழ்களில் சிறிய கூறெடுப்பிலிருந்து பெரிய முடிவு வருவதைக் கண்டிக்கும் அதே பல்கலைக்கழகச் சூழல், தன் மாணவ வீரர்கள் ஐந்து துளைகளை நம்பி முடிவெடுப்பதைக் கவனிப்பதே இல்லை. மாற்று வழி கடினமும் அன்று. மிக விலகிய இரண்டை மட்டும் அளப்பதை விட்டு, எல்லாத் துளைகளின் ஆயங்களையும் பதிந்து பரவலைக் கணக்கிட்டால், ஒரு லாட்டுக்கு 50 தோட்டாக்களில், அதாவது ஒரே பெட்டியில், பரவலின் மதிப்பீட்டுப் பிழை 7 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். பத்து லாட்டுக்கு 500 தோட்டாக்கள். தனிமாணவருக்கு அது தாங்க முடியாத செலவு. அச்செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இல்லாததால்தான் ஐந்து துளைச் சோதிடம் நிலைபெற்றிருக்கிறது.

ஐரோப்பியப் போட்டியாளர்களுக்கு இந்த ஏற்பாடு உண்டு. ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாபுவா நிறுவனமும், இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே ஈலி நிறுவனமும் சோதனைக்கூடங்களை நடத்துகின்றன. வீரர் தம் துப்பாக்கியோடு சென்றால், அதை இறுக்கிப் பிடிக்கும் தாங்கியில் பொருத்தி, மின்னணு இலக்கில் லாட் லாட்டாகச் சுட்டுக் காட்டி, பொருந்துவதை அங்கேயே விற்கிறார்கள். இந்தியாவின் முன்னணி வீரர்கள் சிலருக்கு அரசின் ஒலிம்பிக் திட்ட உதவியால் இத்தகைய பயணம் வாய்க்கிறது. மாநில அளவில் போராடிக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு வாய்ப்பதில்லை. இறக்குமதியாகும் தோட்டாவில் கைக்கு எட்டிய லாட்டை வாங்கிக்கொண்டு, அது நல்லதென்று நம்புவதே அவருக்குள்ள ஒரே தேர்வு.

நம்பிக்கைக்கும் அளவீட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு உச்சநிலையில் எவ்வளவு சிறியது என்பதைப் பாரிஸ் 2024 காட்டியது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 10 மீட்டர் காற்று ரைபிள் தகுதிச்சுற்றில் 630.7 புள்ளிகளோடு பத்தாம் இடம் பெற்று இறுதிப்போட்டியைத் தவறவிட்டார். ஐந்தாம் இடம் பெற்று முன்னேறிய ரமிதா ஜிண்டாலின் புள்ளி 631.5. அறுபது சுடல்களில் 0.8 வேறுபாடு. ஒரு சுடலுக்குப் பகிர்ந்தால், ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு. அவருடைய குண்டுகளில் குறையிருந்தது என்று இதற்குப் பொருளன்று. அப்படிச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை. இந்த அளவில் போட்டியிடும் விளையாட்டில் அளவீட்டை ஐரோப்பாவுக்கு விட்டுவைப்பது ஏன் என்பதே வினா. அதே பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றபின், .22 ரைபிளை நோக்கி வரும் இளையோரை வெறுங்கையோடு நிறுத்துவதும் நியாயமன்று.

இந்த வினாவைப் பெங்களூருவிடம் கேட்பதற்குக் காரணங்கள் உண்டு. ரியோ ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டலில் இதே .22 தோட்டாவைச் சுட்ட பிரகாஷ் நஞ்சப்பாவின் ஊர் இது. இந்திய அறிவியல் கழகத்தின் விண்வெளிப் பொறியியல் துறையும், தேசிய விண்வெளி ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கங்களும், மைசூரு சாலையில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் மையமும் ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன. பறக்கும் பொருளை அளக்கவும், அளந்ததை ஐயத்தோடு எடைபோடவும் தெரிந்தவர்கள் இத்தனை பேர் கூடியிருக்கும் நகரத்தில் ஒரு ரைபிள் மாணவரின் கருவி இன்னும் அட்டையும் வெர்னியருமே.

வேண்டியது பெரிய கட்டடம் அன்று. உரிமம் பெற்ற 50 மீட்டர் சுடுதளம் ஒன்றில், காற்று புகாத ஒரு தடம், துப்பாக்கியை அசையாமல் பிடிக்கும் தாங்கி, வேகமானி, மின்னணு இலக்கு. ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிகளைக் கல்வி வளாகங்களுக்குக் கொண்டு செல்வது சிக்கலானது. எனவே ஆய்வாளர்கள் சுடுதளத்துக்குப் போகட்டும். மாநிலச் சங்கம் காவலையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளட்டும். லாட் எண், குழலின் வகையும் வயதும், வெப்பநிலை, காற்றழுத்தம், ஒவ்வொரு துளையின் ஆயம் ஆகியவற்றை யாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். எந்த நிறுவனத்தின் விளம்பரத்துக்கும் அது உரிமையாகக் கூடாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். குழலுக்குக் குழல் விருப்பம் மாறுமென்றால் ஒருவரின் தரவு இன்னொருவருக்கு எதற்கு என்பது ஒன்று. நல்ல மறுப்பு. லாட்டின் தரம் எவ்வளவு பொதுவானது, குழலோடு சேரும்போது மட்டும் தோன்றும் பகுதி எவ்வளவு என்பதைப் பிரித்தறிய, பல குழல்களில் பல லாட்களைச் சுட்ட தரவு வேண்டும். பொதுவான பகுதி பெரிதென்று தெரிந்தால் ஒருவர் சோதனை பலருக்கு உதவும். சிறிதென்று தெரிந்தால், கூட்டாகத் தோட்டா வாங்கும் வழக்கம் வீண் என்பது தெளிவாகும். எந்த விடை வந்தாலும் ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குரிய பொருள் அதில் இருக்கிறது.

மற்றது பயிற்சியாளர்களின் மறுப்பு: முதலில் ஆள் அசையாமல் நிற்கக் கற்கட்டும், தோட்டா பிறகு. இதில் பெரும்பகுதி உண்மை. கையின் நடுக்கத்தால் வரும் பரவல் 8 மி.மீ., தோட்டாவின் பரவல் 4 மி.மீ. என்றால், இரண்டும் இருமடிகளாகக் கூடி மொத்தம் 8.9 ஆகும். விலை உயர்ந்த லாட்டால் தோட்டாவின் பரவலை 3ஆகக் குறைத்தாலும் மொத்தம் 8.5தான். கையின் பரவல் 3 மி.மீ. ஆகிவிட்ட வீரருக்கோ அதே மாற்றம் 5ஐ 4.2 ஆக்கிவிடும். ஆனால் எந்த மாணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை இன்று யாரும் அளந்து சொல்வதில்லை. தாங்கியில் பொருத்திச் சுட்ட பரவலையும் கையில் பிடித்துச் சுட்ட பரவலையும் அருகருகே வைத்துவிட்டால், பத்து மாணவரில் பெரும்பாலோருக்கு மலிவான தோட்டாவே இன்னும் ஓராண்டுக்குப் போதும் என்று பயிற்சியாளரே பெற்றோரிடம் காட்டிவிடலாம். நடுத்தரக் குடும்பங்கள் இந்த விளையாட்டைப் பாதியில் விட்டுவிடுவதற்குச் செலவு ஒரு முதன்மைக் காரணமாக இருக்கும்போது, அந்தத் தாள் ஒன்றே சோதனைக்கூடத்தின் விலையை ஈடுசெய்யும்.

தொடக்கத்துக்கு ஒரு ரைபிளும், ஐந்து லாட்களும், லாட்டுக்கு ஒரு பெட்டியும் போதும். 250 துளைகளின் ஆயங்களும், ஒரே லாட்டை இரண்டு வேறு எண்களிட்டு மறைத்துச் சுட்ட கட்டுப்பாட்டுச் சோதனை ஒன்றும் இருந்தால், அடுத்த மாநிலப் போட்டிக்கு முன்பே முதல் அறிக்கை வெளிவந்துவிடும்.